மூழ்கிய காரில் சாவியைத் திருப்பாதீர்கள்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்தில் கடலில் ஊர்ந்துகொண்டிருந்த அந்த இரண்டு நாளில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், முடிச்சூர் என்று தாழ்வான பகுதிகளில் கீழ்த்தள பார்க்கிங்கில் நின்ற கார்கள் வரிசையாக மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் கார் வைத்திருப்பவரின் கை தானாகப் போவது சாவிக்குத்தான். "ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவை பார்த்துடலாமே" என்று தோன்றும். அந்த ஒரு தடவையில்தான் லட்சக்கணக்கில் பணம் போகிறது. வெள்ளத்தில் சிக்கிய காரின் இன்சூரன்ஸ் கிளெய்ம், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்போது தீர்மானமாவதில்லை. அவர் வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில், நீங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் வைத்தே பாதி முடிந்துவிடுகிறது.

ஏன் என்பதற்கு என்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். 1.2 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி கொள்ளளவு. அமுக்க விகிதம் 10 என்றால், பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி மட்டுமே. இரண்டு மேஜைக்கரண்டி அளவு. காற்று அந்த இடத்துக்குள் அமுங்கி அடங்கிவிடும், தண்ணீர் அமுங்காது. 33 மில்லிக்கு மேல் தண்ணீர் உள்ளே இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் பாதி வழியில் முட்டி நிற்கும், அதைத் தள்ளுகிற கனெக்டிங் ராட் வளையும். 1.5 லிட்டர் டீசல் வண்டிக்கு அமுக்க விகிதம் 16 போல இருப்பதால் இடம் இன்னும் குறைவு, 25 மில்லிதான். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி தண்ணீரை உறிஞ்சினால் ராட் வளைவதோடு நிற்காமல், உடைந்து என்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுவிடவும் கூடும். இதற்கு ஹைட்ரோஸ்டேட்டிக் லாக் என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நின்ற இடத்திலேயே மூழ்கிய காரில் ராட் வளையாது. தண்ணீர் உள்ளே போயிருக்கலாம், ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருக்கலாம். ஆனால் என்ஜினைச் சுற்றாதவரை எதுவும் உடைவதில்லை. ஆகவே ராட் வளைந்திருந்தால் யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், அல்லது தண்ணீருக்குள் ஓட்டியிருக்கிறார்கள் என்று சர்வேயர் எழுதிவிடுவார். "நான் தொடவே இல்லை சார்" என்று சொல்லிப் பயனில்லை. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால், ராட் வளைந்த சிலிண்டரில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போதும் மற்ற மூன்றின் உச்சியைவிடத் தாழ்வாக நிற்கும். பிறகும் ஓட்டியிருந்தால் சிலிண்டர் சுவரில் பழைய கரிக்கோட்டுக்குக் கீழே புதிதாக இன்னொரு கோடு விழுந்திருக்கும். ஏர் ஃபில்டர் எவ்வளவு உயரம்வரை நனைந்தது என்பதையும் அவர் பார்ப்பார்.

சாதாரண முழு பாலிசியில், அதாவது காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், வெள்ளம், புயல், சூறாவளி எல்லாம் அடங்கும். ஆனால் "விளைவாக ஏற்படும் இழப்பு", மெக்கானிக்கல் மற்றும் எலெக்ட்ரிக்கல் பழுது ஆகியவை அடங்காது என்று அதே பாலிசியில் எழுதியிருக்கிறது. காரை மூழ்கடித்தது வெள்ளம், ராட்டை வளைத்தது ஸ்டார்ட் செய்த செயல், எனவே என்ஜின் செலவு உங்களுடையது என்பது கம்பெனியின் வாதம். என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் வாங்கியிருந்தால் இந்த ஓட்டை அடைபடும். அதிலும் சில பாலிசிகளில், தண்ணீர் வடிந்தபின் இத்தனை மணி நேரத்துக்குள் வண்டியை அப்புறப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்தக் கவர் இருக்கிறதே என்று சாவியைத் திருப்பிவிடக் கூடாது.

சரி, தண்ணீர் வடிந்துவிட்டது, கார் முன்னால் நிற்கிறீர்கள். என்ன செய்வது?

முதலில் போட்டோ. கதவைத் திறப்பதற்கு முன்பே, நம்பர் பிளேட்டும் கட்டடமும் ஒரே படத்தில் வரும்படி நான்கு பக்கமும் எடுங்கள். காரின் மேல் சேற்றுத் தண்ணீர் போட்ட கோடு ஒன்று இருக்கும், மழை மறுபடி பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். தையற்காரர் வைத்திருப்பது போன்ற டேப் ஒன்றைத் தரையிலிருந்து அந்தக் கோடுவரை நீட்டிப் பிடித்து, எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பின்னால் இந்த ஒரு படம் பத்துப் பக்கக் கடிதத்தைவிட அதிகம் பேசும். பிறகு கதவைத் திறந்து சீட், டேஷ்போர்டு, கிளவ் பாக்ஸ், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி. பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டி, ஃபியூஸ் பாக்ஸ். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து அதையும் எடுங்கள். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் காட்ட இக்னிஷனைப் போடாதீர்கள், கடைசி சர்வீஸ் பில்லில் இருக்கும் எண் போதும்.

அடுத்து பேட்டரி. 10 எம்எம் ஸ்பேனரால் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஈரமான கனெக்டரில் மின்சாரம் இருந்தால் செம்பு அரிப்பது பல மடங்கு வேகமாகும், காரின் எலெக்ட்ரானிக் மூளையான ஈசியு போர்டுகள் அப்படித்தான் சாகின்றன. ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்திவிட்டு டயருக்குக் கல் கொடுங்கள். நனைந்த பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டால் வண்டியை நகர்த்துவது பெரும்பாடு. கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

எலெக்ட்ரிக் காராகவோ ஹைப்ரிடாகவோ இருந்தால் இதில் எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற கேபிள் ஓடும் இடத்தில் கை வைக்காதீர்கள். பேட்டரிக்கு ஐபி67 தரம் இருக்கிறதே என்பார்கள். அது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் சோதனை. இரவு முழுக்க மூழ்கிக் கிடந்ததற்கு அது உத்தரவாதம் ஆகாது. சார்ஜரைச் செருகாமல் கம்பெனியின் ஆட்களை வரவழையுங்கள்.

பிறகு தகவல் கொடுப்பது. வெள்ள நாளில் கால்சென்டர் லைன் கிடைக்காது. கிடைக்கும்வரை காத்திருக்காமல் ஆப், வாட்ஸப், மின்னஞ்சல் என்று கைக்கு வரும் எல்லா வழியிலும் பதிவு செய்யுங்கள். மின்னஞ்சல் அவசியம் ஒன்று போக வேண்டும், ஏனென்றால் தேதியும் நேரமும் அதில் நிலைத்து நிற்கும். பாலிசி எண், வண்டி எண், வண்டி நின்ற இடம், தண்ணீர் ஏறிய தோராயமான நேரம், எவ்வளவு உயரம், "வண்டி ஸ்டார்ட் செய்யப்படவில்லை" என்ற ஒரு வரி. இதற்குமேல் எழுத வேண்டாம். கிளெய்ம் எண் வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தர்மசங்கடம் வரும். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் தொடாதே என்பார்கள். ஊர் முழுக்க மூழ்கியிருக்கும்போது அவர் வர நாட்கள் ஆகலாம். அதுவரை கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் சாக்கடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அதன் கீழே ஓடும் ஒயரிங்கை ஊறவைக்கும். சேதம் மேலும் கூடாமல் வண்டியைப் பாதுகாப்பதும் பாலிசி உங்கள் மேல் சுமத்தும் கடமைதான். ஆகவே போட்டோக்களை அனுப்பிவிட்டு, "வண்டியை இன்ன ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துச் செல்கிறேன், அங்கே ஆய்வு செய்துகொள்ளலாம்" என்று எழுதி அனுப்பி, வண்டியை நகர்த்துவதே நல்லது. பாகங்களைப் பிரிப்பதற்கு மட்டும் சர்வேயரின் அனுமதி எழுத்தில் வரட்டும். தெருமுனை மெக்கானிக் அன்போடு வந்து ஆயிலை வடித்துவிட்டால், ஆதாரம் அந்த ஆயிலோடு போய்விடும்.

இழுத்துச் செல்ல பிளாட்பெட் லாரிதான் சரி. கயிறு கட்டி இழுக்கும்போது யாராவது கியரில் போட்டுவிட்டால் என்ஜின் சுற்றும், நாம் பயந்தது நடந்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டிக்குக் கியர்பாக்ஸும் கெடும். இழுவைச் செலவுக்கு சாதாரண பாலிசியில் காருக்கு 1,500 ரூபாய்வரைதான் கிடைக்கும். ரோட்சைட் அசிஸ்டன்ஸ் கவர் இருந்தால் முதலில் அதைக் கூப்பிடுங்கள்.

பாலிசியைப் பற்றி ஒரு பெரிய குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு 3 வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான கவர், கட்டாயம். அதனால் ஷோரூமில் தரும் பாலிசியில் 3 வருடம் என்று பெரிதாக இருக்கும். பெரும்பாலும் அதில் சொந்த வண்டிக்கான கவர், அதாவது ஓன் டேமேஜ், 1 வருடம் மட்டுமே. இரண்டாம் வருடம் அதைத் தனியாகப் புதுப்பிக்காதவருக்கு வெள்ளச் சேதத்தில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு காலாவதித் தேதிகள் தனித்தனியாக இருக்கும். இதைப் படிக்கும்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள். மழை தொடங்கியபின் காலாவதியான கவரைப் புதுப்பிக்கப் போனால் வண்டியை ஆய்வு செய்த பிறகே தருவார்கள்.

சர்வேயர் வந்ததும் முதலில் பார்ப்பது தண்ணீரின் உயரம். கார்ப்பெட் நனைந்ததோடு நின்றால் சுத்தம் செய்து உலர்த்துவது, சில சென்சார்கள், வீல் பேரிங் என்று முடியும். சீட் உயரத்துக்கு வந்திருந்தால் கதை வேறு. நிறையக் கார்களில் ஏர்பேக்கை இயக்கும் மாட்யூல் கியர் லீவருக்குக் கீழே, நடு மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். சீட்பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனர் கதவுத் தூணின் அடியிலோ சீட் ஓரத்திலோ இருக்கும். இவற்றை உலர்த்தி மறுபடி மாட்டக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும். இதில் மட்டும் "பரவாயில்லை, கிளீன் பண்ணிக் கொடுங்க" என்று இறங்கிப் போகாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது. டேஷ்போர்டுக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் அநேகமாக டோட்டல் லாஸ்தான்.

டோட்டல் லாஸா, ரிப்பேரா என்பதற்கு ஒரு கோடு இருக்கிறது. பாலிசி விதிமுறைகளுக்கு உட்பட்ட மீட்புச் செலவும் ரிப்பேர் செலவும் சேர்ந்து ஐடிவி தொகையில், அதாவது பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அது கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ். "பாலிசி விதிமுறைகளுக்கு உட்பட்ட" என்ற சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் தொகையை அப்படியே எடுக்க மாட்டார்கள். தேய்மானம் கழித்த பிறகு கம்பெனி தர வேண்டிய தொகையைத்தான் பார்ப்பார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 3 வருடம் 2 மாதம் ஆன ஹேட்ச்பேக். ஐடிவி 4,00,000 ரூபாய். 75 சதவீதம் என்றால் 3,00,000. எஸ்டிமேட்டில் ஒயரிங், ஈசியு உள்ளிட்ட மற்ற பாகங்கள் 1,80,000. கார்ப்பெட், பிளாஸ்டிக், ரப்பர் 90,000. பேட்டரி 6,000. லேபர் 60,000. மொத்தம் 3,36,000. தேய்மானம் இப்படிப் போகும்: ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கிடையாது. மற்ற பாகங்களுக்கு வயதைப் பொறுத்து, 3 முதல் 4 வருடம் என்றால் 25 சதவீதம். லேபருக்குக் கிடையாது. ஆக 1,35,000, 45,000, 3,000, 60,000. கூட்டினால் 2,43,000. கிளெய்மில் உங்கள் பங்காகக் கழிக்கும் கட்டாயக் கழிவு 1500 சிசிவரை 1,000 ரூபாய், அதற்கு மேலான காருக்கு 2,000. நம் வண்டிக்குக் கம்பெனி தருவது 2,42,000. கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, எனவே ரிப்பேர். உங்கள் கையிலிருந்து 94,000.

இதே காருக்கு, பம்பர் டு பம்பர் என்று ஏஜென்ட்கள் சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷன் கவர் இருந்திருந்தால் பெரும்பாலான பாகங்களுக்குத் தேய்மானம் கழியாது. கம்பெனியின் பொறுப்பு சுமார் 3,35,000. கோட்டைத் தாண்டிவிட்டது, டோட்டல் லாஸ். ஒரே கார், ஒரே வெள்ளம், இரண்டு வெவ்வேறு முடிவுகள்.

ஒயரிங் ஹார்னஸ், மாட்யூல் போன்றவற்றை மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறது என்பதற்காக 50 சதவீதப் பட்டியலில் தள்ளியிருக்கிறார்களா என்று மதிப்பீட்டுத் தாளை வரி வரியாகப் பாருங்கள். தள்ளியிருந்தால் காரணம் கேளுங்கள். ஆயில், கூலன்ட், நட்டு போல்ட் இவற்றுக்கு கன்ஸ்யூமபிள்ஸ் கவர் இல்லாவிட்டால் காசு வராது. காரில் வைத்திருந்த லேப்டாப், குழந்தை சீட் போன்றவையும் இதில் அடங்காது.

ரிப்பேர் என்று முடிவானால் எஸ்டிமேட்டை ஆரம்பத்திலேயே முழுமையாகப் போடச் சொல்லுங்கள். டேஷ்போர்டையும் சீட்டையும் கழற்றிப் பார்த்த பிறகு எழுதிய எஸ்டிமேட்தான் எஸ்டிமேட். வெளியிலிருந்து பார்த்து எழுதினால் நடுவழியில் ஒவ்வொன்றாகத் துணை எஸ்டிமேட் போகும், ஒவ்வொன்றுக்கும் சர்வேயர் ஒப்புதல் வேண்டும், வண்டி மாதக்கணக்கில் நிற்கும். வெள்ள வண்டியின் கெட்ட குணம், இன்று ஓடும், மூன்று வாரம் கழித்து கனெக்டர் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறி ஒரு ஜன்னல் இறங்காது, பிறகு ஏபிஎஸ் விளக்கு எரியும். அப்போது போனால் அது தனி எலெக்ட்ரிக்கல் பழுது என்பார்கள். ஆகவே டெலிவரி எடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள்: நான்கு ஜன்னல், சென்ட்ரல் லாக், ஏசி புளோயரின் எல்லா வேகமும், வைப்பர், ரிவர்ஸ் கேமரா. இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, மீதமிருக்கும் குறைகளை அன்றே மின்னஞ்சலில் கிளெய்ம் எண்ணோடு எழுதிவிடுங்கள்.

டோட்டல் லாஸ் என்றால் இரண்டு வழி. காரைக் கம்பெனியிடமே விட்டுவிட்டு ஐடிவி தொகையை, கட்டாயக் கழிவு போக, வாங்கிக்கொள்வது ஒன்று. சேதமான வண்டிக்கு ஏலத்தில் வந்த விலையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கம்பெனி தர, வண்டியை நீங்களே வைத்துக்கொள்வது அல்லது ஏலத்தில் கேட்டவருக்கு விற்பது இன்னொன்று. இரண்டாவது வழியில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. காயலான் கடைக்காரர் பணத்தைக் கொடுத்து வண்டியை ஏற்றிக்கொண்டு போவார், ஆர்சி உங்கள் பெயரிலேயே இருக்கும். நாளை அந்த எண்ணோடு வேறு வண்டி ஓடினால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வாங்குபவரின் பெயரும் தேதியும் எழுதி, ஆர்டிஓவில் மாறிவிட்டதா என்று அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பார்த்து உறுதி செய்யுங்கள். இனி ஓடவே ஓடாத வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ரத்து செய்ய வேண்டும்.

கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் பேங்குக்குப் போகும். ஐடிவி கடனைவிடக் குறைவாக இருந்தால் இல்லாத காருக்கு மீதியை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பிரீமியத்தில் ஆயிரம் ரூபாய் குறைவதற்காக ஐடிவியைக் குறைத்துப் போடச் சொல்பவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது யோசிக்க வேண்டும். இரண்டு சாவி, பேங்கின் தடையில்லாச் சான்று, ஆர்சியில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35, ரத்து செய்த செக், பான், ஆதார் எல்லாம் தயாராக இருக்கட்டும். வெள்ளத்தில் ஆர்சி போயிருந்தால் டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளலாம். டோட்டல் லாஸ் என்று சொல்லிவிட்ட பிறகு ஒர்க்‌ஷாப் பார்க்கிங் கட்டணம் போடத் தொடங்கும், அதைக் கம்பெனி தராது. தேதியை எழுத்தில் வாங்கி வண்டியை எடுக்கச் சொல்லி நெருக்குங்கள்.

சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடலாமா என்றால், கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் என்பது கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. 50 சதவீத போனஸில் இருப்பவர் கிளெய்ம் எடுத்தால் அது பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி 50-க்கு வர ஐந்து வருடம் ஆகும். ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 என்று வைத்தால் அந்த ஐந்து வருடத்தில் இழக்கும் தள்ளுபடி 6,000, 3,600, 3,000, 1,800, 600. மொத்தம் 15,000. வண்டி பழசாகப் பிரீமியம் இறங்குவதால் உண்மையில் இன்னும் குறையும். கார்ப்பெட் கழுவி உலர்த்த 8,000 ஆகிறது என்றால் கைக்காசே மேல். 30,000 என்றால் தயங்காமல் போடுங்கள்.

இழுத்தடித்தால் என்ன செய்வது? இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் போட்ட விதிப்படி தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், எந்த வரியில் எவ்வளவு வெட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கும். தொகையில் உடன்பாடு இல்லாமல் "முழுமையான இறுதித் தீர்வு" என்ற வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், மறுப்போடு பெறுகிறேன் என்று அன்றே மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

புகார் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும், ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலும் ஏற்றலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய்வரை அங்கே தீர்ப்பு வாங்கலாம், அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கம்பெனி மறுத்த நாளிலிருந்து 1 வருடத்துக்குள் போய்விட வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 வருடம். மனுவோடு மறுப்புக் கடிதம், சர்வே அறிக்கை, முதல் நாள் அனுப்பிய மின்னஞ்சல், டேப்பை நீட்டிப் பிடித்து எடுத்த அந்தப் படம் நான்கையும் இணையுங்கள்.